தங்கமீன் தொட்டி: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு உருண்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு தங்கமீன்கள் வாங்கிக் கொடுத்தோம். தண்ணீர் தெளிவாக இருந்தும் பத்து நாட்களுக்குள் ஒன்று இறந்துவிட்டது. ஏன்? (தாம்பரம்)

பதில்: தண்ணீரின் தெளிவை வைத்து அதன் நலத்தை மதிப்பிட இயலாது. தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. நிறைய உண்டு நிறையக் கழிக்கும் உயிர். தன் கழிவின் பெரும்பகுதியை அது செவுள்கள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. நிறமற்ற அந்த நஞ்சு நாலைந்து லிட்டர் தண்ணீரில் விரைவில் சேர்ந்து செவுள்களை அரித்துவிடுகிறது. பெரிய தொட்டியில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடினால், அதில் குடியேறும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நஞ்சு மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆனால் அவை போதிய அளவு பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். எஞ்சிய மீனைக் குறைந்தது 75 லிட்டர் தொட்டிக்கு மாற்றி, அந்த வாரங்களில் தீனியைக் குறைத்து, நாள்தோறும் கால் பங்கு தண்ணீரை மாற்றி வாருங்கள். நன்றாகப் பராமரித்தால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய உயிரைக் கிண்ணத்தோடு சேர்த்து விற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி: ஞாயிறுதோறும் தொட்டியையும் ஃபில்டரையும் குழாய்த் தண்ணீரில் முழுவதுமாகக் கழுவுகிறேன். மறுநாளே மீன்கள் சோர்ந்துவிடுகின்றன. (மதுரை)

பதில்: அந்தக் கழுவலே காரணமாக இருக்கக்கூடும். மாநகராட்சிக் குடிநீரில் கலக்கப்படும் குளோரின் ஸ்பாஞ்சில் வாழும் பாக்டீரியாக்களைக் கொல்வதோடு மீனின் செவுள்களையும் புண்ணாக்கும். வாரம் ஒருமுறை கால் பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். வெளியே எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து எடுங்கள். புதுத் தண்ணீரை வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரின் மருந்தைச் சேருங்கள். உப்புகள் நீக்கப்பட்ட ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டாம். உப்புகள் ஓரளவு கலந்த, கடினமான போர்வெல் தண்ணீர் தங்கமீனுக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும்.

கேள்வி: கோடையில், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. (வேலூர்)

பதில்: வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும், தொட்டியில் செடிகள் இருந்தால் அவையும் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஏர் பம்பை இரவு முழுவதும் ஓட விடுங்கள், வெயில் படாத இடத்திற்குத் தொட்டியை மாற்றுங்கள். ஐஸ் கட்டிகளைக் கொட்டித் திடீரெனக் குளிர்விக்கக் கூடாது. காற்று போதிய அளவு இருந்தும் இது தொடர்ந்தால் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் டெஸ்ட் கிட் மூலம் சோதியுங்கள்.

கேள்வி: செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. வெண்புள்ளி நோய்க்கு மருந்து ஊற்றலாமா? (கோவை)

பதில்: சற்றுப் பொறுங்கள். புள்ளிகள் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் மட்டும் வரிசையாக இருந்து, மீன் சுறுசுறுப்பாக நீந்தினால், அது இனப்பெருக்கப் பருவத்து ஆண்மீன், மருந்து தேவையில்லை. வெண்புள்ளி நோயில் தூள் உப்பைத் தூவியது போல உடல், வால், துடுப்பு எங்கும் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். மீன் கற்களில் உடலை உரசும். இந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது, தண்ணீரில் நீந்தும் பருவத்தில் மட்டுமே சாகும். ஆகவே புள்ளிகள் மறைந்த பிறகும் சில நாட்கள் சிகிச்சையைத் தொடர வேண்டும்.

கேள்வி: தங்கமீனோடு கப்பி என்னும் சிறு வண்ணமீன்களை விடலாமா? (திருச்சி)

பதில்: வேண்டாம். வாய்க்குள் அடங்கும் சிறு மீன்களைத் தங்கமீன் விழுங்கிவிடும்.