அக்கவுண்ட்ஸ் வேலை தேடும் பி.காம் பட்டதாரி கையில் வைத்திருக்க வேண்டிய கோப்பு

ஐயா, வணக்கம். மகள் பி.காம் முடித்து ஓராண்டு ஆகப்போகிறது, ரெஸ்யூமே அனுப்பிய இடங்களிலிருந்து பதிலே இல்லை, இன்னொரு கோர்ஸில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். பட்டமும் டேலி என்ற கணக்கு மென்பொருளின் சான்றிதழும் அவரோடு விண்ணப்பிக்கும் பெரும்பாலோரிடம் இருக்கின்றன. இன்னொன்று சேர்ந்தால் ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். ஆடிட்டர் அலுவலகத்திலோ சிறு நிறுவனத்திலோ ஆள் எடுப்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது, ஒரு கட்டு பில்லைக் கொடுத்தால் இவர் மாதக் கணக்கை முடித்துத் தருவாரா என்பதை. முடித்த கணக்கு ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறவர்கள் மிகக் குறைவு. ஒன்றரை மாதம் உட்கார்ந்தால் மகள் அப்படியொரு கோப்பைச் செய்துவிடலாம்.

தெரிந்த கடை ஒன்றின் மூன்று மாத பில்களை உரிமையாளரின் சம்மதத்தோடு வாங்குங்கள். ஹார்டுவேர், எலக்ட்ரிக்கல், மருந்துக்கடை எதுவானாலும் சரி. ஆனால் ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) உள்ள கடை வேண்டாம். அங்கே உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது, கற்க வேண்டிய பாதி போய்விடும். கொள்முதல் பில், விற்பனை பில், பேங்க் ஸ்டேட்மெண்ட், ஜிஎஸ்டி தளத்திலிருந்து இறக்கிய ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் நம் கடைக்குக் காட்டிய பில்களின் பட்டியல்) எக்செல் ஆகிய நான்கும் வேண்டும்.

டேலி பிரைமை எஜுகேஷனல் மோடில் பணம் கட்டாமலே திறக்கலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு ஏறும். அதனால் எல்லா பில்லையும் 1ஆம் தேதியில் போட்டு, உண்மையான தேதியை நரேஷனில் (பதிவின் கீழே உள்ள குறிப்பில்) எழுதச் சொல்லுங்கள். பழகுவதற்கு இது போதும்.

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் லெட்ஜர் (ஒவ்வொரு பெயருக்குமான தனிக் கணக்கு) திறக்கும்போதுதான். சரக்கு கொடுப்பவரை சன்ட்ரி டெப்டார்ஸ் (நமக்குப் பணம் தர வேண்டியவர்கள்) குழுவில் போட்டுவிட்டால் பேலன்ஸ் ஷீட்டே மாறிப்போகும். அடுத்த தவறு, பார்ட்டியின் (நம்மிடம் வாங்குபவர் அல்லது நமக்கு விற்பவர்) ஜிஎஸ்டி எண்ணைப் பார்க்காமல் வரி போடுவது. அந்த 15 இலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. பெங்களூரிலிருந்து சரக்கு அனுப்புபவரின் எண் 29 என்று தொடங்கும். நம் ஊர்க் கடைக்கு அனுப்பிய அந்த பில்லில் ஐஜிஎஸ்டிதான் (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) இருக்க வேண்டும். இதைத் தானாகக் கவனிக்கும் பழக்கம் வந்துவிட்டால், நேர்காணலில் கொடுக்கும் மாதிரி பில்லில் அரை நிமிடத்தில் பிழை சொல்லிவிடலாம்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது 2பி ஒப்பீட்டுக்கு, அதாவது 2பி பட்டியலை நம் கொள்முதல் பதிவோடு பொருத்திப் பார்ப்பதற்கு. இந்தப் பட்டியல் ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி தளத்தில் தயாராகும். சப்ளையர் தன் ஜிஎஸ்டிஆர்-1இல் (விற்பனை ரிட்டர்ன்) காட்டாத பில் இதில் வராது. வராத பில்லுக்கு வரி வரவு எடுக்க முடியாது. முதலாளிக்கு இது நேரடியான பண இழப்பு. அதனால் இதைச் செய்யத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு உண்டு. எக்செலில் வி-லுக்கப் (ஒரு பட்டியலில் உள்ளதை மற்றதில் தேடும் சூத்திரம்) போட்டால் முதலில் பாதி பொருந்தாது. நம் புத்தகத்தில் 45, அங்கே ஐஎன்வி/045. அல்லது ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் பதிவாகியிருக்கும். அல்லது கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று ஒட்டியிருக்கும். ட்ரிம் போட்டு இடைவெளியை நீக்கி, பில் எண்ணை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, அதை ஜிஎஸ்டி எண்ணோடு சேர்த்து ஒரே திறவுச்சொல்லாக்கித் தேட வேண்டும். கடைசியில் பொருந்தாமல் நிற்கும் பில்களைக் காரணத்தோடு ஒரு பக்கத்தில் பட்டியலிடட்டும். கோப்பில் முதலில் காட்ட வேண்டிய தாள் அதுதான். பேங்க் ரீகன்சிலியேஷன் (பேங்க் கணக்கை நம் புத்தகத்தோடு ஒத்துப்பார்ப்பது) ஒரு தாள், மூன்று மாத டிரையல் பேலன்ஸ் (எல்லா லெட்ஜர் மீதிகளின் பட்டியல்) ஒரு தாள் பின்னால் வரட்டும். கடை, பார்ட்டி பெயர்களையும் ஜிஎஸ்டி எண்களையும் மாற்றிவிட வேண்டும். அடுத்தவர் கணக்கை வெளியே காட்டுபவரை எந்த ஆடிட்டரும் சேர்க்க மாட்டார்.

ரெஸ்யூமே ஒரே பக்கம். குறிக்கோள் என்று மேலே எழுதும் பத்தியையும், கீழே உள்ள பொழுதுபோக்கு, மதம், உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். பெயருக்கு அடுத்து வர வேண்டியது செய்த வேலை: “மூன்று மாதக் கொள்முதல், விற்பனை பதிவு, 2பி ஒப்பீடு, பேங்க் ரீகன்சிலியேஷன்.” பில் எண்ணிக்கையை உள்ளபடியே எழுதட்டும், கூட்ட வேண்டாம். பயிற்சிக்காகச் செய்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

எப்போது போவது என்பதையும் பார்க்க வேண்டும். மாதாமாதம் வரும் கெடு நாள்கள் இவை: 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்டுவது), 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்). இந்த நாள்களை ஒட்டிப் போனால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். 23 முதல் மாதக் கடைசி வரை போகட்டும். ஆடிட்டர் அலுவலகங்களுக்கு ஜூலையிலிருந்து அக்டோபர் வரை ரிட்டர்ன், தணிக்கை நெருக்கடி. அதற்கு ஆள் தேடுவது ஏப்ரல், மே மாதங்களில். இணையத்தில் நூறு இடத்துக்கு ஒரே ரெஸ்யூமேயைத் தட்டிவிடுவதைவிட, உங்கள் ஊரில் பத்து அலுவலகங்களுக்குக் கோப்போடு நேரில் போவது பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

நேர்காணலில் கேள்விகள் எளிமையாகத்தான் இருக்கும். பேங்க் பாஸ்புக்கும் நம் புத்தகமும் ஏன் ஒத்துவரவில்லை? கொடுத்த செக் இன்னும் பணமாகவில்லை, பேங்க் கட்டணம் பிடித்ததை நாம் பதியவில்லை என்று காரணத்தைச் சொன்னால் போதும். இந்த மாதச் சம்பளம் அடுத்த மாதம் கொடுத்தால் எப்படிப் பதிவது? டேலியில் மாதக் கடைசியில் எஃப்7 விசையில் ஜர்னல், கொடுக்கும்போது எஃப்5 விசையில் பேமெண்ட். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எங்கே பார்ப்பேன் என்பதையும் சொல்லட்டும். பேச்சு ஆங்கிலம் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். பார்ட்டியிடம் பாக்கி கேட்டு நான்கு வரி மெயில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

வேலை வாங்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்பவரிடமும், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்திலும் சேர்க்காதீர்கள். அலுவலகத்துக்கு நீங்கள் போன் செய்து விசாரிக்கவும் வேண்டாம். மகளே பேசட்டும், பார்ட்டிகளோடு அவர்தானே பேச வேண்டியிருக்கும். உங்கள் பங்கு கடைக்காரரிடம் பேசி அந்த பில் கட்டை வாங்கித் தருவது. அதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.