அந்த மூன்று கிலோ

அன்புள்ள அண்ணாச்சி,

வெர்னர் ஹெர்ஸாக் 2009இல் எடுத்த ‘பேட் லெப்டினன்ட்’ பார்த்தேன். நிக்கோலஸ் கேஜ் போதைக்கு அடிமையான, லஞ்சம் வாங்கும் துப்பறியும் அதிகாரி. ஒரு குடும்பமே கொலையான வழக்கு அவர் கையில். ஊர் மெச்சிய படம், எனக்கு ஏமாற்றம். குறை என்னிடமா? நம்மூர் இன்ஸ்பெக்டர் ஒருத்தரை வைத்து இப்படியொரு கதை எழுதுகிறேன், அதான் கேட்கிறேன்.

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

குறை படத்தில்தான். தொடக்கம் அருமை. கத்ரீனா புயல் வெள்ளத்தில் மூழ்கவிருந்த கைதியைக் காப்பாற்றக் குதித்து அந்த அதிகாரிக்கு முதுகு போகிறது. வலிக்கு டாக்டர் விக்கோடின் எழுதித் தருகிறார், பழக்கம் அங்கே பிடிக்கிறது, பிறகு கொக்கைன், ஹெராயின் என்று போகிறது. அதன்பின் படம் அவர் உடம்பை மறந்துவிடுகிறது. விக்கோடினும் ஹெராயினும் ஒரே இனம்: கண்மணி சுருங்கும், மலம் கட்டும். ஹெராயின் கிடைக்காமல் எட்டு, பத்து மணி நேரம் போனால் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், மயிர் கூச்செறியும், வயிறு பிடிக்கும். கொக்கைன் நேரெதிர். கண்மணி விரியும், மூக்கில் இழுத்த வேகம் அரைமணி நேரத்தில் இறங்கிவிடும். அடிமையானவன் பொழுது இந்தக் கணக்கில்தான் ஓடும். படத்தில் அது இல்லை. கடைசியில் கடன், வழக்கு, விசாரணை எல்லாம் ஒரே மூச்சில் தீர்ந்தும் போகிறது. வேண்டுமென்றே செய்தது என்பார்கள். இருக்கட்டும், எனக்கு ஒப்பவில்லை.

உங்கள் கதைக்கு வருவோம். நாங்குநேரி டோல்கேட்டில் 22 கிலோ கஞ்சா பிடிபடுகிறது என்று வையுங்கள். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது பத்து வருஷம், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவால் ஜாமீன் கிடைப்பதும் பெரும்பாடு. மகஜரில், அதாவது பறிமுதல் பதிவில், 19 என்று எழுதினால் அந்தக் குறைந்தபட்சமும் போச்சு, ஜாமீன் தடையும் போச்சு. இன்ஸ்பெக்டருக்கு இரண்டு பக்கமும் வரும்படி: எடையைக் குறைத்ததற்கு ஒன்று, மிச்ச மூன்று கிலோவுக்கு ஒன்று. ஆகவே திருட்டு சீல் வைப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னால் பட்டியல், போட்டோ, 24 கிராம் வீதம் இரண்டு சாம்பிள் என்று ஆனபிறகு கைவைத்தால் எடையே காட்டிக்கொடுக்கும். காய்ந்து குறைந்தது என்று கொஞ்சம் சமாளிக்கலாம். எலி தின்றது என்றும் சொல்லியிருக்கிறார்கள். 2023இல் சென்னையில் 22 கிலோ கஞ்சா வழக்கில் போலீஸ் அப்படிச் சொல்ல, பிடிபட்ட இருவரும் விடுதலையானார்கள்.

உண்மையான எடை ரைட்டருக்குத் தெரியும், மகஜரில் கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளுக்குத் தெரியும், தராசு இரவல் கொடுத்த கடைக்காரருக்கும் தெரியும். முதலில் அந்த எடைபோடும் காட்சியை எழுதுங்கள். அந்நேரம் இன்ஸ்பெக்டருக்குக் கடைசி டோஸ் போட்டு ஒன்பது மணி நேரம் ஆகியிருக்கட்டும்.