ஆச்சி வீட்டுத் திண்ணை

கேள்வி: விருந்தோம்பல் என்றதும் உங்கள் நினைவுக்கு வரும் உறவினர் யார்? (வாசகி ஒருவர், மதுரை)

பதில்: உடன்குடியில் வாழ்ந்த என் ஆச்சிதான். அவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்த கருப்பட்டியைச் சுக்குடன் தட்டிப்போட்டு அவர் கொதிக்கவைக்கும் காப்பி, வீட்டாருக்கு மட்டுமானதன்று. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நோக்கி நடந்து செல்லும் பக்தர்களைத் திண்ணையில் அமரவைத்து, செம்பு நிறைய மோர் கொடுத்து, 'எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?' என்று வாஞ்சையோடு விசாரித்து, அவர்கள் எழுந்திருப்பதற்குள் ஏதேனும் ஒரு வழியில் உறவும் கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே பிள்ளைகள் நாங்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அவித்த பனங்கிழங்கின் நாரை உரித்து, நடுத்தண்டை நீக்கி, உப்பும் மிளகும் சேர்த்து உரலில் இடித்து எங்கள் உள்ளங்கையில் உருட்டி வைப்பார். அதற்கு ஈடான தின்பண்டத்தை நான் இன்றுவரை உண்டதில்லை.