இறால் குளத்து பிஎச் மீட்டர் நிலையாக நிற்கவில்லை, எலக்ட்ரோடை மாற்றலாமா?

வேதாரண்யத்தில் இறால் குளம், நீரின் அமில-காரத் தன்மையை (பிஎச்) காட்டும் மீட்டரில் எண் நிற்காமல் ஓடுகிறது என்கிறீர்கள். மாற்ற அவசரப்படாதீர்கள். எலக்ட்ரோடு, அதாவது நீரில் முக்கும் உணர்கருவியின் நுனியில் உள்ள கண்ணாடிக் குமிழைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் 0.1 மோலார் (கரைசலின் செறிவு அளவு) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்து அலசுங்கள். தேய்க்கவே கூடாது, ஈரத்தை ஒற்றி எடுங்கள். காய்ந்து கிடந்ததா? 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஓர் இரவு ஊறட்டும். டிஸ்டில்டு வாட்டரில் மட்டும் போட்டு வைக்காதீர்கள், எலக்ட்ரோடுக்குள் இருக்கும் உப்பு வெளியேறிவிடும்.

அப்புறம் பிஎச் 7, 10 பஃபர்களில் (பிஎச் மதிப்பு முன்பே தெரிந்த கரைசல்களில்) மீட்டரைக் காலிபரேட் செய்யுங்கள், அதாவது சரிபார்த்துத் திருத்துங்கள். குளத்து நீரின் பிஎச் பெரும்பாலும் 7.5-க்கு மேல்தான் இருக்கும். அதன்பிறகும் ஸ்லோப் (எலக்ட்ரோடின் உணர்திறன்) 85 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடலாம்.

பிஎச் விடியற்காலையில் குறைந்து பிற்பகலில் ஏறுகிறதா? அது பாசியின் ஒளிச்சேர்க்கை, மீட்டர் கோளாறு இல்லை. தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள்.