சீனாவைப் புரிந்துகொள்ள மேயரைப் பாருங்கள்: கேள்வி பதில்

சீனாவின் பொருளாதாரம், அரசியல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், ஷி ஜின்பிங் சொன்னால் அங்கே எல்லாம் நடக்கும் என்கிறார்கள். அப்புறம் எப்படி இவ்வளவு பெரிய ரியல் எஸ்டேட் சரிவு வந்தது?

அதிகாரம் அவர் கையில் குவிந்திருப்பது உண்மைதான், 2018-ல் அதிபர் பதவிக்கு இருந்த இரண்டு முறை வரம்பையே நீக்கிவிட்டார்கள். ஆனால் பணத்தைச் செலவு செய்வது பெரும்பாலும் பெய்ஜிங் இல்லை. பள்ளி, மருத்துவமனை, சாலை எல்லாம் மாகாணங்கள், நகரங்கள் தலையில்தான். 1994-ல் அப்போதைய துணைப் பிரதமர் ஜு ரோங்ஜி கொண்டுவந்த வரிச் சீர்திருத்தத்தில் வருமானத்தின் பெரும்பங்கு மத்திய அரசுக்குப் போனது, பொறுப்புகள் மட்டும் கீழேயே தங்கிவிட்டன. ஒரு மேயர் என்ன செய்வார்? நகர நிலம் முழுக்க அரசுடையது, அதனால் வீட்டுமனைக்கான 70 ஆண்டு பயன்பாட்டு உரிமையை ஏலம் விட்டுக் கஜானாவை நிரப்பினார்கள். 2021-ல் மட்டும் இப்படி வந்தது சுமார் 8.7 லட்சம் கோடி யுவான். 2024-ல் அது 4.9 லட்சம் கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. சீனா பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் கஜானாவில் விழுந்த இந்த ஓட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி விஷயம் தானாகப் புரியும்.

கேள்வி: கடனில் மூழ்கிய பெரிய கட்டுமான கம்பெனி எவர்கிராண்டிடம் வீடு வாங்கியவர்கள் என்ன ஆனார்கள்?

அங்கே வீடு கட்டி முடிப்பதற்கு முன்பே விற்றுவிடுவார்கள், வாங்கியவர் கடன் எடுத்து அன்றிலிருந்தே தவணை கட்டத் தொடங்கவேண்டும். அந்தப் பணத்தை அடுத்த மனைக்குத் திருப்பிவிட்டே கம்பெனிகள் வளர்ந்தன. 2020-ல் 'மூன்று சிவப்புக் கோடுகள்' என்று கடனுக்கு அரசு வரம்பு வைத்தது, புதுக் கடன் நின்றது, கிரேன்களும் நின்றன. 2022 கோடையில் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்டேஜன் நகரில் எவர்கிராண்ட் குடியிருப்பு ஒன்றை வாங்கியவர்கள், வேலையைத் தொடராவிட்டால் தவணை கட்டமாட்டோம் என்று கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். சில வாரங்களில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான குடியிருப்புகளில் அதே மாதிரிக் கடிதங்கள் வந்தன. அதன்பிறகுதான் பாதியில் நிற்கிற வீடுகளை முடித்துக் கொடுக்க அரசு வங்கிப் பணத்தை இறக்கியது. கம்பெனியைக் கலைக்கச் சொல்லி ஹாங்காங் நீதிமன்றம் 2024 ஜனவரியில் உத்தரவிட்டது.

கேள்வி: மின்சாரக் கார்களை இவ்வளவு மலிவாக விற்பது மானியத்தால்தானே?

மானியம் உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை. இங்கேயும் மேயரைத்தான் பார்க்கவேண்டும். அன்ஹூய் மாகாணத் தலைநகர் ஹஃபெய். 2020-ல் நியோ என்ற கார் கம்பெனி மூழ்கும் நிலையில் இருந்தபோது அந்த நகர அரசின் முதலீட்டு அமைப்புகள் கூட்டாளிகளோடு 700 கோடி யுவான் போட்டு, கம்பெனியின் சீனத் தலைமையகத்தையே தங்கள் ஊருக்கு இழுத்துக்கொண்டன. பங்கு விலை ஏறியதும் பெரும்பகுதியை லாபத்தில் விற்றார்கள். அதைப் பார்த்து மற்ற ஊர்களும் கிளம்பின. எந்த ஊரும் தன் ஆலையை மூடவிடாது, ஏனென்றால் வேலையும் வரியும் அதிகாரியின் பதவி உயர்வும் அதில் இருக்கின்றன. அதனால் தேவைக்கு மேல் ஆலைகள், கழுத்தறுப்பு விலைப் போட்டி, மிஞ்சியது கப்பலேறுகிறது. பிஒய்டி மாதிரி பேட்டரியையும் தானே செய்கிற கம்பெனியின் திறமையை இதில் குறைத்து மதிப்பிடவே கூடாது.

கேள்வி: சீனப் பொருட்களுக்கு 145 சதவீத வரி போட்ட டிரம்ப் ஏன் இறங்கி வந்தார்?

அரிய மண் தனிமங்கள், அதாவது கார் மோட்டார் போன்றவற்றுக்கான வலுவான காந்தங்கள் செய்யத் தேவையான உலோகங்கள். 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உட்பட ஏழு தனிமங்களுக்கும் அவற்றிலிருந்து செய்யும் காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி உரிமம் கட்டாயமாக்கியது. உலகின் அரிய மண் சுத்திகரிப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் அங்கேதான் நடக்கிறது. காந்தம் கிடைக்காமல் ஃபோர்டு சிகாகோ ஆலையைச் சில நாள் நிறுத்தவேண்டி வந்தது. மே மாதம் ஜெனீவாவில் அமெரிக்க வரி 30 சதவீதமாகவும் சீன வரி 125-லிருந்து 10 ஆகவும் இறங்கின. உள்நாட்டுச் சந்தை நடுக்கம் போன்ற காரணங்களும் உண்டு, ஆனால் என் கணக்கில் காந்தம்தான் முதல் காரணம்.

கேள்வி: அண்ணை, கடனுக்காக இலங்கையின்ர அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனா பறித்தது எண்டு எல்லாரும் கதைக்கினம். உண்மையோ?

அப்படி நடக்கவில்லை. 2017-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு வந்த 112 கோடி டாலர் அந்தத் துறைமுகக் கடனை ரத்து செய்யவில்லை, கடன் அப்படியே இருந்தது. டாலர் கையிருப்புக்காகவே கொழும்பு அந்தப் பணத்தை வாங்கியது. 2022-ல் இலங்கையைத் திவாலாக்கியதில் சர்வதேசக் கடன் பத்திரங்களின் பங்கும் பெரிது. அதற்காகச் சீனாவைக் குற்றமற்றதாக ஆக்கவில்லை, நிபந்தனைகளை மூடி வைத்துக் கடன் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

கேள்வி: இவ்வளவு உற்பத்தி செய்கிறவர்கள் சொந்த மக்கள் கையில் பணம் கொடுத்து வாங்கச் சொல்லலாமே?

நான் எதிர்பார்த்த கேள்வி. குடும்பங்களின் நுகர்வு சீனப் பொருளாதாரத்தில் சுமார் 40 சதவீதம்தான், இந்தியாவில் 60. காரணம், பயம். 2024-ல் கிராமத்து முதியவருக்கான குறைந்தபட்ச அடிப்படை ஓய்வூதியம் மாதம் 123 யுவான், நம் பணத்தில் சுமார் 1,400 ரூபாய். நகரத்துக்கு வேலைக்குப் போனவர்கள் பலருக்கு அரசுச் சேவைகளுக்கு அடிப்படையான ஊர்ப் பதிவு கிராமத்திலேயே இருப்பதால் பிள்ளையை நகர அரசுப் பள்ளியில் சேர்ப்பதே பாடு. யார்தான் சேமிக்காமல் இருப்பார்கள்? ஷி ஜின்பிங்கோ, நலத்திட்டம் அதிகமானால் மக்கள் சோம்பேறிகளாவார்கள் என்று 2021-லேயே சொன்னவர். 2022 அக்டோபரில் உயர்தர கணினிச் சிப்புகளைச் சீனாவுக்கு விற்க அமெரிக்கா போட்ட தடை அவரது அந்த நம்பிக்கையை இன்னும் இறுக்கிவிட்டது, பணம் இருந்தால் அது ஆலைக்கும் ஆய்வகத்துக்கும் போகட்டும் என்று. விளைவு, 2025-ல் வர்த்தக உபரி 1 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது, வாங்குகிற நாடுகளெல்லாம் கோபத்தில் இருக்கின்றன. சின்ன அசைவு ஒன்று தெரிகிறது: மூன்று வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 3,600 யுவான் தருவதாக 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. நேரடியாகக் குடும்பத்தின் கையில் பணம், அதுவும் பெரும்பகுதி பெய்ஜிங்கின் கஜானாவிலிருந்து. அந்தத் தொகை எவ்வளவு ஏறுகிறது என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.