காயம் உண்மை, பில் பொய்: தம்பிக்கு என்ன ஆகும்?

கேள்வி: ஊர்த் திருவிழாத் தகராறில் என் தம்பியின் வலது கையில் அரிவாளால் வெட்டிவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தோம். வழக்கு நடக்கிறது. இழப்பீட்டு மனு எழுதிக் கொடுத்த ஆள், "தொகை கூடக் கிடைக்கும்" என்று தனியார் மருத்துவமனை பில்களையும் ஊனச் சான்றிதழையும் அவரே தயார் செய்து சேர்த்துவிட்டார். தம்பி கையெழுத்துப் போட்டான். பணம் இன்னும் வரவில்லை. அசல்களோடு நேரில் வரச்சொல்லி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, வெட்டுப்பட்டது உண்மை என்பதற்காகப் பொய் பில் மன்னிக்கப்பட்டுவிடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420, ஏமாற்றிப் பணம் பெறுவதற்கு 7 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. பணம் கைக்கு வராததால் உங்கள் தம்பி விஷயத்தில் அது முயற்சிதான். தண்டனை அதில் பாதி வரை போகலாம். ஆனால் ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரிப்பது 336(3)-இன் கீழ் தனிக் குற்றம். அதற்கும் 7 ஆண்டுகள் வரை. போலி என்று தெரிந்தே தாக்கல் செய்தவருக்கும் தயாரித்தவருக்கு உள்ள அதே தண்டனைதான். பணம் வந்ததா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை.

எனவே, கையெழுத்துப் போடும்போது தம்பிக்கு விஷயம் தெரியுமா என்பதுதான் கேள்வி. அந்த ஆளுக்குப் பணம் அனுப்பிய ஜிபே விவரம், வாட்ஸ்அப் உரையாடல், எதையும் அழிக்காதீர்கள். அவை தம்பிக்கு எதிராகவும் பேசலாம் என்றாலும், அழித்தால் அது இன்னொரு குற்றம்.

பில் போலி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். காயத்தின் நீளம், ஆழம் எல்லாம் அன்றிரவே அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டில், ஏறிவிடும். அங்கே உள்நோயாளியாகக் கிடந்த அதே தேதியில் தனியார் மருத்துவமனை வார்டு வாடகை போட்டிருந்தால், மேசையில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தாலே போதும். ஊனச் சான்றிதழின் எண்ணையும் இணையத்திலேயே சரிபார்த்துவிடுவார்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. இந்தப் பில்கள் எதிரித் தரப்பு வக்கீல் கைக்குப் போனால், குறுக்கு விசாரணையில் "பணத்துக்காகப் பொய் சொல்கிறவர்" என்று தம்பியை நிறுத்திவிடுவார். வெட்டியவன் தப்பிக்க நாமே வழி செய்துகொடுத்ததாகிவிடும்.

புதிதாக 'அசல்' தயார் செய்து தருகிறேன் என்று அந்த ஆள் வருவார், வாசலோடு அனுப்பிவிடுங்கள். குற்றவியல் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். அந்த ஆவணங்களைத் திரும்பப் பெற்று, ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ், உண்மையான செலவு ரசீதுகளை மட்டும் நம்பி மனுவை நடத்தலாமா என்று அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக விளக்கக் கடிதம் எழுத வேண்டாம். அதுவே ஒப்புதல் வாக்குமூலமாக நிற்கும். திரும்பப் பெறுவதால் குற்றம் அழியாது; ஆனால் ஜாமீனிலும் தண்டனை அளவிலும் அது பேசும். 318(4), 336(3) இரண்டுமே ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத பிரிவுகள் என்பதால் முன்ஜாமீன் மனுவையும் தயாராக வைக்கச் சொல்லுங்கள்.

வழக்கில் எதிரி விடுதலையானால் தம்பி மீது பொய்ப் புகார் வழக்கு வரும் என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிரூபிக்க முடியாமல் போவது வேறு, பொய் சொல்வது வேறு.

கடிதத்தில் உள்ள தேதியைத் தவறவிடாதீர்கள். வக்கீல் கிடைக்கத் தாமதமானால், அதற்கு முன்பே எழுத்தில் அவகாசம் கேட்டு, ஒப்புகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.