பாத்திமிய ஸ்படிகக் குடுவையா, கண்ணாடியா?

பாட்டியின் பெட்டியில் கிடைத்த செதுக்கு வேலைப்பாடுள்ள குடுவை கெய்ரோவிலிருந்து ஆண்ட பாத்திமியர் என்ற கலீபா வம்சத்தின் காலத்து ஸ்படிகமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கத்தியால் கீறிப் பார்க்காதீர்கள்!

முதலில் கைப்பிடியைப் பாருங்கள். பாத்திமியக் கலைஞர்கள் குடுவை, கைப்பிடி இரண்டையும் ஒரே கல்லிலிருந்து குடைந்தெடுத்தார்கள். கைப்பிடி ஒட்டப்பட்டிருந்தால் சந்தேகப்படலாம். பிறகு உருப்பெருக்கியால் உள்ளே நோக்குங்கள். உருண்டையான காற்றுக் குமிழிகள் தெரிந்தால் அது கண்ணாடிதான். ஸ்படிகம் தொட்டதும் கண்ணாடியைவிடக் குளிரும்.

வெனிஸ் நகரின் புனித மாற்கு பேராலயத்தில் இருக்கும் குடுவையின் படத்தோடு ஒப்பிடுங்கள். கலீபா அல்-அஜீஸின் (975–996) பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அமர்ந்த இரு சிங்கங்கள் எதிரெதிரே. அந்தச் செதுக்கலின் நிதானத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

நேர்மையாகச் சொன்னால், உங்களுடையது பிற்காலத்தது என்றே நினைக்கிறேன். முழுதாகத் தப்பிய பாத்திமியக் குடுவைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனாலும் விற்றுவிடாதீர்கள். 2008இல் இங்கிலாந்தில் ஒரு குடுவையை பிரெஞ்சு மதுக்குடுவை என்று கருதி 100 முதல் 200 பவுண்டு வரை மதிப்பிட்டார்கள். அது பாத்திமியருடையது என்று தெரிந்த பின், அதே ஆண்டு அக்டோபரில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. கைப்பிடியும் அடிப்பாகமும் தெரியும் படங்களை அனுப்புங்கள்.